சிங்கப்பூரா, சென்னையா? என் ஓட்டு கொச்சிக்கு!

வருஷா வருஷம் ஏப்ரல் வந்தா நம்ம ஊர் வீடுகள்ல ஒரு சட்டசபைக் கூட்டம் நடக்கும். தலைப்பு: "லீவுக்கு எங்க போறது?" ஆளுங்கட்சி அப்பா. அம்மா தோழமைக் கட்சி, ஆனா எப்ப வேணா ஆதரவை வாபஸ் வாங்குவாங்க. எதிர்க்கட்சி, வீட்டுல இருக்கிற பதினைஞ்சு வயசு. கூட்டம் முடிஞ்சதும் தீர்மானம் என்னவோ எப்பவும் ஒண்ணுதான். ஊட்டி இல்லன்னா கொடைக்கானல், அதுவும் இல்லன்னா நவக்கிரகக் கோயில் டூர்.

இந்த வருஷம் துவாக்குடியில எங்க சித்தப்பா வீட்டுல கொஞ்சம் வித்தியாசமா ஆகிப்போச்சு. தங்கச்சி பத்தாவது பரீட்சை முடிச்சிட்டா. "மலையும் வேணாம், கோயிலும் வேணாம். ஒரு பெரிய ஊருக்குப் போகணும், மூணு நாள்"னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சித்தப்பா என்கிட்ட, "டேய், நீதான் பெங்களூருல பொட்டி தட்டிட்டு ஊரெல்லாம் சுத்துற. நீயே ஒரு ஊரைச் சொல்லு"ன்னுட்டார். சொன்னேன். வீட்டுல இன்னும் வாக்கெடுப்பு முடியலை. அங்க சொன்னதை விலாவாரியா இங்கயும் போட்டு வைக்கிறேன். உங்க வீட்லயும் ஒரு பதினைஞ்சு வயசு இருந்தா உதவும்.

முதல்ல அடிப்படை விஷயம். ரெண்டு மூணு நாள் ஒரு நகரத்துக்குப் போய்ட்டு வர்றது நமக்குப் பழக்கமே இல்லாத சமாச்சாரம். லண்டன்காரன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலிவு விலை ஃப்ளைட்ல பார்சிலோனா போய்ட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்துடுறான். 1995ல ஈஸிஜெட் மாதிரி கம்பெனிங்க வந்த பிறகு அங்க அது சாதாரணம். நமக்கு நகரம்னா கல்யாணம், ஆஸ்பத்திரி, இன்டர்வியூ. இந்த மூணும் இல்லாம ஒரு நகரத்துக்குப் போறதுன்னா வீட்டுப் பெரியவங்களுக்கு ஏதோ குத்தம் பண்ற மாதிரி இருக்கு. "ஊருக்குப் போய் என்னடா பண்றது, ரோட்டைப் பார்க்கவா?"ங்கிறார் சித்தப்பா. ஆமா சித்தப்பா, ரோட்டைப் பார்க்கத்தான்!

சரி, மேட்டருக்கு வருவோம். வீட்டுல அடிபட்ட ஊர்களை ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம்.

சிங்கப்பூர். இது தங்கச்சியோட முதல் சாய்ஸ். கிளாஸ்ல யாரோ போய்ட்டு வந்து போட்ட படங்களோட விளைவு. கேக்க ஓவரா இருந்தாலும் திருச்சிக்காரங்களுக்கு இது அவ்வளவு ஓவர் இல்லை. இங்கேருந்து நேரடி ஃப்ளைட்டு, சுமார் நாலு மணி நேரம். துவாக்குடியிலேருந்து பஸ் பிடிச்சு சென்னை போக அதைவிட ஜாஸ்தி நேரம் ஆகும். 2024 ஜனவரி 2ல பிரதமர் திறந்து வச்ச புது டெர்மினல் வேற பளபளன்னு நிக்குது. கோலாலம்பூருக்கும் நேரடி ஃப்ளைட்டு இருக்கு. இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு மலேசியா 2023 டிசம்பர்ல கதவைத் திறந்தப்ப திருச்சியில பாதிப் பேரு பெட்டி கட்டிட்டாங்க. ஆனா நாலு பேருக்கு டிக்கெட், தங்கறது, சிங்கப்பூர்னா விசான்னு போட்டுப் பார்த்தா, சித்தப்பா ரெண்டு வருஷம் கழிச்சு காலேஜுக்குக் கட்ட வச்சிருக்கிற பணத்துல கை வைக்கணும். இன்னொண்ணு, அவ்வளவு செலவு பண்ணிப் போனா நிம்மதியா ஒரு இடத்துல உக்கார முடியாது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் "இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கோம்"ங்கிற மீட்டர் ஓடும்.

சென்னை. பார்க்க இடமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 1851லேருந்து இருக்கிற எழும்பூர் மியூசியம், அதோட வெண்கலச் சிலைகள், கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம், பீச்சுலேருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில், மேல மெட்ரோன்னு ஒரு வாரத்துக்குத் தாங்கும். பிரச்சனை ஊர்ல இல்லைங்க, தாம்பரத்துல இருக்கிற பெரியம்மா வீட்டுல இருக்கு. சென்னை வந்துட்டு அவங்க வீட்டுல தங்கலைன்னா அடுத்த கல்யாணத்துல பேச்சு வாங்கணும். தங்கினா முதல் நாள் பலகாரம், ரெண்டாம் நாள் இன்னொரு சொந்தக்காரங்க வீடு, மூணாம் நாள் தி.நகர்ல ஜவுளி. பொண்ணு மூணு நாளும் சோபாவுல உக்கார்ந்து "எத்தனை மார்க் வரும்னு எதிர்பார்க்கிறே?"ங்கிற கேள்விக்குப் பதில் சொல்லிட்டு இருப்பா.

பெங்களூரு. சென்னைக்குச் சொன்ன அதே காரணம். ஒரே வித்தியாசம், இங்க சொந்தக்காரன் நான். (அவ்வ்வ்வ்.) என் ரூம்மேட்டுகள் ரெண்டு பேரும் நல்லவங்கதான், ஆனா அந்த வீட்டைச் சித்தி பார்க்கக் கூடாது.

மைசூர் ஸ்கூல் டூர்ல பார்த்தாச்சு. ஹைதராபாத் எனக்குப் பிடிச்ச ஊர். சார்மினார், கோல்கொண்டா, சாலார் ஜங் மியூசியம் எல்லாம் இருக்கு. ஆனா ரயில்ல போக ஒரு நாள், வர ஒரு நாள்னு லீவு முழுக்க ரயில்லயே போயிடும். பாண்டிச்சேரின்னு ஆரம்பிச்சதுமே சித்தி சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தாங்க. அந்தத் தீர்மானம் அதோட தோற்கடிக்கப்பட்டது.

இப்ப என் கட்சி. வளர்ந்த பிள்ளையோட போறதுக்கு ஊர் தேடுறப்ப "அங்க என்ன பார்க்கலாம்?"னு எல்லாரும் கேக்கிறோம். நான் கேக்கச் சொல்ற கேள்வி வேற: "அந்த ஊர்ல இந்தப் பிள்ளை தனியா எங்கெல்லாம் போய் வர முடியும்?"

தங்கச்சிகிட்ட நான் உக்கார்ந்து கேட்டேன், உனக்கு உண்மையிலேயே என்னதான் வேணும்னு. சிங்கப்பூர்னுதான் சொல்லப்போறான்னு நினைச்சேன். அவ சொன்னது: "அண்ணா, எந்த ஊரா இருந்தாலும் சரி. யாரும் 'வா வா, லேட்டாச்சு'ன்னு கையைப் பிடிச்சு இழுக்காம ஒரு இடத்துல கொஞ்ச நேரம் நிக்கணும். அவ்வளவுதான்."

அதுக்கு மேல நான் எதுவும் கேக்கலை.

யோசிச்சுப் பாருங்க. துவாக்குடியில வளர்ற பிள்ளைக்கு ஸ்கூல் வேன், டியூஷனுக்கு அப்பாவோட வண்டி, மத்த நேரம் வீடு. திருச்சிக்கே போகணும்னா பஸ்ல கூட யாராவது வரணும். இந்த ஜூன்ல பதினொண்ணாவது. அதோட கோச்சிங். ரெண்டு வருஷம் தலையைத் தூக்க முடியாது. அதுக்கப்புறம் ஒரு நாள் ஏதோ ஒரு ஊர் ஹாஸ்டல் வாசல்ல ரெண்டு பெட்டியோட இறக்கி விட்டுட்டு, "பத்திரமா இரும்மா"ன்னு சொல்லிட்டு வந்துடுவோம். நடுவுல பழகிக்க ஒரு வாய்ப்பு கூட கிடையாது.

இதோட மறுபக்கத்தை துவாக்குடிக்காரங்க வருஷா வருஷம் பார்க்கிறோம். 1964ல ஆர்.இ.சி.யா ஆரம்பிச்சு 2003ல என்.ஐ.டி. ஆன காலேஜ் நம்ம ஊர்லதான் இருக்கு. அட்மிஷன் சமயத்துல ராஜஸ்தான், ஆந்திரா, பீகார்னு எங்கெங்கேருந்தோ பதினேழு பதினெட்டு வயசுப் பிள்ளைங்க தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாம தஞ்சாவூர் ரோட்டுல வந்து இறங்குதுங்க. நாலே மாசத்துல பஸ் நம்பர் தெரிஞ்சு, சில்லறைக்குக் கண்டக்டர்கிட்ட சண்டை போட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தனியா போய்ட்டு வருதுங்க. சித்தி இதைப் பார்த்து "எவ்வளவு சமத்துப் பிள்ளைங்க"ன்னு ஆச்சரியப்படுவாங்க. நம்ம வீட்டுப் பிள்ளை மெயின் ரோட்டைத் தாண்டினா மட்டும் போன் மேல போன்.

நானும் அப்படி வளர்ந்தவன்தான். இன்ஜினியரிங் முடிச்சு வேலைக்குப் பெங்களூரு போனப்ப வயசு இருபத்தொண்ணு. அதுவரைக்கும் ஒரு பெரிய ஊர்ல தனியா ஒரு மணி நேரம் கூட நடந்தது கிடையாது. முதல் ஆறு மாசம் ஆபீஸ், ரூம், ஆபீஸ். கூட வேலை பார்த்த வடநாட்டுப் பசங்க ஞாயித்துக்கிழமையானா ஊரையே அளந்துட்டு வருவானுங்க. ஊர் பயம்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கு. அதுக்கு மருந்து, சின்ன வயசுல சின்னச் சின்ன டோஸா எடுத்துக்கிறது. முழு பாட்டிலையும் ஹாஸ்டல் வாசல்ல ஊத்தினா தாங்காது.

அதனால என் கணக்குப்படி ஊருக்கு நாலு தகுதி வேணும். ஒண்ணு, ராத்திரி ரயில் ஏறினா காலையில அங்க இருக்கணும் (நமக்கு ஈஸிஜெட் ராத்திரி ரயில்தான்). ரெண்டு, அங்க சொந்தக்காரங்க இருக்கக் கூடாது. மூணு, ஆட்டோ டாக்ஸியை நம்பாம மெட்ரோ, பஸ், நடைன்னு ஊரைச் சுத்த முடியணும். நாலுதான் முக்கியம்: அப்பாவுக்கும் அந்த ஊர் தெரியாம இருக்கணும். தெரிஞ்சா அவர்தான் கைடு, பிள்ளை வால். தெரியாட்டி ரெண்டு பேரும் ஒரே வரிசையில நின்னு போர்டு படிப்பாங்க. அந்த இடத்துல பிள்ளைதான் ஜெயிக்கும்.

திருச்சியிலேருந்து பார்த்தா இந்த நாலுக்கும் பொருந்துறது கொச்சி.

காரைக்காலிலேருந்து வர்ற எர்ணாகுளம் எக்ஸ்பிரஸை (பழைய ஆளுங்களுக்கு டீ கார்டன் எக்ஸ்பிரஸ்) திருச்சி ஜங்ஷன்ல ராத்திரி பிடிச்சா, தூங்கி எழுந்திருக்கும்போது கேரளா. திரும்பி வர்றதும் ராத்திரி வண்டிதான். மூணு முழு நாள் கையில.

ஊர்ல மெட்ரோ 2017 ஜூன் 17ல ஆரம்பிச்சது. 2024 மார்ச்சுல திருப்பூணித்துறை வரைக்கும் நீட்டினாங்க. ஆலுவாவிலேருந்து அங்க வரைக்கும் ஒரே கோடு, 28 கிலோமீட்டர், 25 ஸ்டேஷன். ஒரே கோடுங்கிறது கத்துக்கிறவங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி பாருங்க. தப்பான பக்கம் ஏறினாலும் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறினா முடிஞ்சது. எடப்பள்ளியில இறங்கினா லுலு மால். (பதினைஞ்சு வயசுக்கு மால் வேணும்யா. அதை மறுக்கிறவன் நான் இல்லை.)

அதைவிட ஜோரு வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரல் 25ல தொடங்கி வச்சாங்க. கொச்சி கப்பல் கட்டும் தளத்துல கட்டின, பேட்டரியில ஓடுற ஏ.சி. படகு. முதல்ல ஹைகோர்ட் – வைப்பின், வைட்டிலா – காக்கநாடு. 2024 ஏப்ரல்ல ஃபோர்ட் கொச்சிக்கும், 2025 அக்டோபர்ல மட்டாஞ்சேரிக்கும் விட்டாங்க. படித்துறையும் படகும் ஒரே மட்டத்துல இருக்கிறதால சித்தப்பாவோட முட்டிக்கும் பிரச்சனை இல்லை. டூரிஸ்ட் படகு இல்லைங்க இது. ஆபீஸ் போறவன், காய்கறிப் பையோட அம்மா எல்லாரும் இதுலதான். நம்ம பிள்ளைங்க படகுன்னா முக்கொம்புல பார்த்திருக்கும். டவுன் பஸ் மாதிரி படகு ஏறுற ஊர் புதுசு.

போறதுன்னா சனிக்கிழமை ராத்திரி கிளம்பணும். காரணம் இருக்கு. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை லீவு. யூதர்களோட ஜெபக்கூடத்துக்குச் சனிக்கிழமை லீவு. திருப்பூணித்துறை ஹில் பேலஸுக்குத் திங்கட்கிழமை லீவு. இந்தக் கணக்கைப் போட்டு மூணு நாள் திட்டம் எழுதுற வேலையைத் தங்கச்சிகிட்ட விட்டுட்டேன். ஞாயிறு ஹில் பேலஸ், திங்கள் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும், செவ்வாய் அவ இஷ்டம்னு ஒரு பேப்பர்ல போட்டுக் கொடுத்தா. எங்க ஆபீஸ்ல ப்ராஜெக்ட் மேனேஜர் போடுற பிளானைவிடத் தெளிவு.

ஹில் பேலஸ்னதும் சித்தியும் ஆர்வமாயிட்டாங்க. 1993ல வந்த மணிச்சித்ரதாழு படத்தை எடுத்த இடங்கள்ல ஒண்ணு அது. அதாங்க, நம்ம சந்திரமுகியோட ஒரிஜினல். போதாததுக்குப் பக்கத்துலயே சோட்டானிக்கரை பகவதி கோயில். கோயில் கோட்டாவும் முடிஞ்சது.

திங்கட்கிழமை இன்னும் விசேஷம். ஃபோர்ட் கொச்சியில செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சுல வாஸ்கோடகாமாவை 1524ல புதைச்சாங்க. 1539ல எலும்பை எடுத்து போர்ச்சுகலுக்குக் கொண்டு போய்ட்டாங்க, கல்லறை இருந்த இடம் மட்டும் இன்னும் இருக்கு. மட்டாஞ்சேரி அரண்மனை போர்த்துகீசியர் கட்டினது, டச்சுக்காரங்க ரிப்பேர் பண்ணினது, அதனால பேரு டச்சு அரண்மனை. (வேலை பார்த்தது ஒருத்தன், பேரு இன்னொருத்தனுக்கு. ஐ.டி. மக்களுக்குப் புரியும்.) உள்ள சுவரெல்லாம் ராமாயண ஓவியம். கொஞ்சம் நடந்தா 1568ல கட்டின பரதேசி ஜெபக்கூடம், தரையில கையால வரைஞ்ச சீன ஓடு. அதை நடத்தின யூதர்கள்ல பெரும்பாலானவங்க இஸ்ரேல் போயிட்டாங்க. இப்ப அங்க மிச்சம் இருக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். வரலாறு புத்தகத்துல ரெண்டு மார்க் கேள்வியா படிச்சதெல்லாம் ரெண்டு கிலோமீட்டர் நடையில. அதுவும் பரீட்சை முடிஞ்ச பிறகு, யாரும் மார்க் போடாம!

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற கொச்சி – முசிறிஸ் பினாலே கலைத் திருவிழா (2012 டிசம்பர்ல ஆரம்பிச்சது) குளிர்காலத்துல வர்றதால ஏப்ரல் மே-ல போறவங்களுக்குக் கிடைக்காது. இந்த முசிறி நம்ம குளித்தலைக்கு எதிர்க்கரை முசிறி இல்லைங்க, சங்க இலக்கியத்துல வர்ற துறைமுகம்.

அப்புறம் எழுத்து. மலையாள போர்டைத் தமிழ் தெரிஞ்ச பிள்ளை கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தா பாதி எழுத்து பிடிபட ஆரம்பிக்கும். பேச்சும் அப்படித்தான், முழுசா புரியாது, ஆனா வழி கேட்டுப் பிழைச்சுக்கலாம். சிங்கப்பூர்ல எல்லாமே எழுதி ஒட்டியிருக்கும். இங்க வாயைத் திறந்து கேக்கணும். தனியா நிக்கப் பழகுறதுக்கு அதுதான் முதல் பாடம்.

செவ்வாய்க்கிழமைக்கு நான் சொன்ன யோசனைதான் இப்ப வீட்டுல குண்டு. கொச்சியில தண்ணிக்கு மேல ஒரு முக்கோணம் இருக்கு. ஹைகோர்ட்டிலேருந்து வைப்பினுக்கு வாட்டர் மெட்ரோ. வைப்பின்லேருந்து ஃபோர்ட் கொச்சிக்கு கார், பைக், மனுஷன் எல்லாத்தையும் ஒண்ணா ஏத்துற ரோ-ரோ படகு, அஞ்சு நிமிஷம். அங்கேருந்து ஹைகோர்ட்டுக்குத் திரும்ப வாட்டர் மெட்ரோ. சித்தப்பாவும் சித்தியும் நேரா ஃபோர்ட் கொச்சி போய், கரையில சீன வலைக்குப் பக்கத்துல உக்காரட்டும். தங்கச்சி மட்டும் வைப்பின் சுத்தி வரட்டும். பகல் வெளிச்சம், கையில போன், கூட்டத்தோட கூட்டமா ஒரு மணி நேரம். வழியில எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நிக்கட்டும்.

சித்தி, "ஏம்ப்பா, வயசுப் பொண்ணைத் தெரியாத ஊர்ல தனியா விடச் சொல்றியே"ன்னாங்க. நியாயமான பயம். அது இல்லாத அம்மா இருக்க முடியாது. அதனாலதான் முதல் நாள் அவ டிக்கெட் எடுத்து வழி சொல்லட்டும், நீங்க பின்னாடி போங்க, ரெண்டாம் நாள் பத்தடி தள்ளிப் போங்க, மூணாம் நாள்தான் இதுன்னு படிப்படியா வச்சேன். மூணாம் நாள் காலையில அவளுக்கே வேணாம்னு தோணினா விட்டுடலாம், பரீட்சை இல்லை இது. ரெண்டு வருஷம் கழிச்சு சித்தி எட்டூறு கிலோமீட்டர் தள்ளி உக்கார்ந்து பயப்படப் போறாங்க. அதைவிட அக்கரையில உக்கார்ந்து ஒரு மணி நேரம் பயப்படுறது தேவலாம்னு நான் சொன்னேன். அவங்க பதில் சொல்லலை. ஆனா வேணாம்னும் சொல்லலை.

"குடும்பமா சந்தோஷமா இருக்கத்தான் டூரு, இதென்ன டிரெய்னிங் கேம்ப்பா?"ன்னு சில பேர் கேப்பீங்க. பிள்ளை பின்னாடி போனை நோண்டிக்கிட்டே வர, அப்பா முன்னாடி கத்திக்கிட்டே போற டூர்ல எவ்வளவு சந்தோஷம்னு நமக்கெல்லாம் தெரியும். வழிகாட்டுற வேலையைக் கொடுத்தா போனும் மேப் பார்க்கத்தான் வெளிய வரும்.

குறையும் சொல்லிடணும். ஏப்ரல் மே-ல கொச்சி புழுங்கும், சட்டை பிழியிற புழுக்கம். துவாக்குடி வெயிலுக்கு இது வேற ரகம். மதியம் ரூம்ல படுத்துட்டு காலையும் சாயங்காலமும் சுத்தணும். ஜூன் வந்தா மழை. ஃபோர்ட் கொச்சி படகுக்கு ஞாயித்துக்கிழமை கூட்டம் அள்ளும். கடைசிப் படகு நேரம் பார்க்காம அக்கரையில உக்காரக் கூடாது. அதனால எர்ணாகுளம் பக்கம் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்துல தங்குறது நல்லது. ரயில் முன்பதிவு 2024 நவம்பர்லேருந்து 60 நாள் முன்னாடிதான் திறக்குது, வீட்டுச் சட்டசபை அதுக்குள்ள முடிவெடுக்கணும்.

கொச்சிதான்னு அடம் இல்லை. நீங்க மதுரையா, கோவையா, நெல்லையா, உங்க ஊர்லேருந்து ஒரு ராத்திரி தூரத்துல, சொந்தக்காரங்க இல்லாத, அப்பாவுக்குத் தெரியாத, பிள்ளை தனியா ஒரு மணி நேரம் நடக்கக்கூடிய நகரம் எதுன்னு யோசிங்க. தோணினா பின்னூட்டத்துல போடுங்க. சித்தப்பாகிட்ட காட்ட எனக்கும் ஆதாரம் வேணும், இன்னும் ஒரு ஓட்டு குறையுது.

டிஸ்கி: இந்தப் பதிவைத் தங்கச்சி படிச்சாச்சு. "வயசுப் பொண்ணு"ங்கிற வார்த்தையைத் தவிர மத்ததெல்லாம் ஓகேவாம்.